கறுப்புக் கொப்பியை நீ பஸ்ஸில் விடவில்லை

தம்பி,

நீயும் அப்பாவும் கொட்டாஞ்சேனையில் பெரியப்பா வீட்டுக்குப் பயணம் சொல்லப் போயிருக்கிறீர்கள். அங்கே பெரியம்மா சாப்பிடாமல் விடமாட்டா. பிறகு கல்கிசையில் மாமி வீட்டிலும் அதே கதைதான் நடக்கும். எப்படியும் பொழுதுபடுவதற்கு முன் வரமாட்டீர்கள். தலையிடி என்று சொல்லி நான் வீட்டில் நின்றுகொண்டது இதை எழுதுவதற்காகத்தான். புதன்கிழமை நீ மிச்சப் படிப்புக்கு மெல்பேர்னுக்குப் பறந்துவிடுவாய். இந்த எட்டு மாதத்தில் நேரில் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு முறையும் "சாப்பிட்டனியா?" என்று கேட்டுவிட்டு அப்பால் போய்விட்டேன். "என்னம்மா, ஒரு நாளைக்கு எத்தினை தரம் சாப்பிடுறது?" என்று நீ சிரித்தாய்.

சுற்றி வளைத்தால் மறுபடியும் சாப்பாட்டில்தான் போய் நிற்பேன். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கறுப்புக் கொப்பியை நீ பஸ்ஸில் விடவில்லை. அது வீட்டில்தான் இருந்தது. நான்தான் அதை எடுத்து, ஒவ்வொரு பக்கமாகக் கிழித்து, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, கையால் பிசைந்து கூழாக்கிக் குப்பையோடு அனுப்பினேன். நீ போன் எடுத்துக் கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன். ஒரு பக்கம்கூட மிச்சமில்லை. மேலே வாசிக்காமல் எறிந்துவிட உனக்கு மனம் வரலாம். தயவுசெய்து வாசி.

நீ வணிகம் படிக்கத்தான் கம்பஸுக்குப் போனாய். முதல் வருடத்தில் வேறு துறைப் பாடம் ஒன்றும் எடுக்க வேண்டும் என்றார்கள், நீ ஆரம்பச் சித்திரம் என்று ஒன்றைத் தெரிவுசெய்துகொண்டு வந்து நின்றாய். லேசான பாடம்தானே என்று நானும் பேசாமல் இருந்தேன். பிறகல்லவா தெரிந்தது. முதல் கிழமை இடது கையால் படம் கீற வேண்டும். இரண்டாவது கிழமை பென்சிலைத் தவிர வேறு எதனாலும் கீறலாம். என் மஞ்சள் தூள் போனது, தேயிலைச் சாயம் போனது, அப்பா சவரம் எடுக்கிற பிரஷ் போனது. மூன்றாவது கிழமை, பேப்பரைப் பார்க்காமல் எதிரே இருக்கிற ஆளை மட்டும் பார்த்துக் கீற வேண்டும் என்று அப்பாவைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாய். தலை ஒரு பக்கமும் காது ஒரு பக்கமுமாக வந்த படத்தை அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதையே கம்பஸில படிப்பிக்கினம்?"

"மிஸ்தான் பேப்பரைப் பாக்காமக் கீறச் சொன்னவ அப்பா. பிழையா வந்தாத்தான் சரி."

"பிழையா வந்தாச் சரியெண்டா நானும் பெரிய ஆர்ட்டிஸ்ட்தான்."

நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அது பிடிக்கவில்லை. பிழை விடச் சொல்லிக் கொடுக்கிற ஒரு வகுப்பு இருக்கிறது என்பதே எனக்கு ஒரு மாதிரிப் பதற்றமாக இருந்தது. யுத்த காலத்துக் கொழும்பில் நான் வளர்ந்த வீட்டில் பிழைக்கு இடம் இருக்கவில்லை. அடையாள அட்டையை மறந்துவிட்டு வாசலைத் தாண்டினால் பிழை. பஸ்ஸில் சத்தமாகத் தமிழ் கதைத்தால் பிழை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சொந்தக்காரரைப் பொலிசில் பதியாமல் வீட்டில் தங்கவைத்தால் பெரிய பிழை. இவை எதையும் அழித்துவிட்டுத் திருப்பிக் கீற முடியாது. இதையெல்லாம் உனக்குச் சொல்லாமலே வளர்த்தோம். சொல்லாமல் விட்டால் உனக்கு அந்தப் பயம் வராது என்று நானும் அப்பாவும் நினைத்தோம். பயம் வரவில்லை, அது உண்மைதான். ஆனால் நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்பதும் உனக்குத் தெரியாமலே போய்விட்டது.

கடைசி வேலை முப்பது நாள் வேலை என்றாய். என்ன வேலை என்று கேட்டால், "முடிஞ்சாப் பிறகு காட்டுறன்" என்றாய். அந்த மாதம்தான் நீ பிந்தி வரத் தொடங்கினாய். ஐந்தரைக்கு வீட்டில் நிற்கிறவன் ஆறு மணிக்கு வந்தாய், ஆறே காலுக்கு வந்தாய், ஒரு நாள் ஏழு மணியாகப் பத்து நிமிடம்தான் இருந்தது. நான் ஒபிசால் வந்து தேத்தண்ணியும் குடிக்காமல் மூன்றாம் மாடிப் பல்கனியில் போய் நிற்பேன். ஒருக்கால் காலி வீதிப் பக்கம் பார்ப்பேன், ஒருக்கால் ரயில் பாதைப் பக்கம் பார்ப்பேன். நீ படியேறி வந்ததும் சண்டை தொடங்கும்.

"எங்க நிண்டனி?"

"ரோட்டிலதான் அம்மா."

"ரோட்டில உனக்கு என்ன வேலை?"

"கம்பஸ் வேலை."

ரோட்டில் என்ன கம்பஸ் வேலை என்று நான் கத்துவதும் நீ அறைக் கதவைச் சாத்துவதும் பக்கத்து வீட்டுக்காரருக்கே பாடமாகியிருக்கும். நீ சொன்னது முழு உண்மை என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்த மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அன்றைக்கு மட்டும் நீ மூச்சிரைக்க ஓடி வந்தாய். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உன் பையைச் சாப்பாட்டு மேசையில் அப்படியே கொட்டி, பனடோல் தேடி எடுத்துத் தந்தாய். அடுத்த நாள் காலையில் பிந்திவிட்டது என்று கையில் அகப்பட்டதைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாய். ஒன்பதரை மணிபோல் கட்டடத்துக் காவல்காரர் மேலே ஏறி வந்தார். பொலிஸ் வந்ததாகவும், எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், இளம் பெடியள் எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனதாகவும் சொன்னார். அடுத்த ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் களவுபோன விஷயமாகத்தான் வந்தார்கள் என்று இரண்டு நாளுக்குப் பிறகுதான் கேள்விப்பட்டேன். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. கதவைப் பூட்டிக்கொண்டு வந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசையில் கிடந்த பத்திரிகைகளை அடுக்கினேன். அவற்றுக்கு அடியில் உன் கறுப்புக் கொப்பி கிடந்தது.

திறந்தேன். முதல் பக்கத்தில் எங்கள் ஒழுங்கை. காலி வீதிச் சந்தியிலிருந்து ரயில் பாதை வரைக்கும், ஒரு வீடு விடாமல், ஒரு கேட் விடாமல். மரக்கறிக் கடை இருந்தது, மருந்துக் கடை இருந்தது, சந்தியில் நிற்கிற பொலிஸ்காரரும் அவருடைய தொப்பியும்கூட இருந்தன. அடுத்த பக்கத்திலும் அதே ஒழுங்கை, அதற்கடுத்த பக்கத்திலும் அதே ஒழுங்கை. வீட்டு இலக்கங்களின் மேல் பேப்பரை வைத்துக் கரியால் தேய்த்து அச்சாக எடுத்து ஒட்டியிருந்தாய். கிட்டத்தட்ட எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, அதைச் சுற்றி ஒரு வட்டம். புள்ளியிலிருந்து அம்புக்குறிகள். ஓரத்தில் நேரங்கள். 5.40. 5.52. 6.10. ஒரு தமிழ்ப் பெடியன் கையில் ஒரு தெருவின் படம், பொலிஸ் நிற்கிற இடம், அம்புக்குறி, நேரம். பூட்டின கதவை மறுபடி போய் இழுத்துப் பார்த்தேன்.

சின்ன மாமாவைப் பற்றி நாங்கள் உனக்குச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. கனடாவில் கடைக்குப் போகும்போது என்ன வாங்க வேண்டும் என்று அவர் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போகமாட்டார், பாதியை மறந்துவிட்டு வருவார், மாமி திட்டுவா, நாங்களெல்லாம் வீடியோ கோலில் பார்த்துச் சிரிப்போம். அவருக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது கொட்டாஞ்சேனையில் ஒரு டியூஷன் வகுப்புக்குப் போகப் புறப்பட்டார். வழி தெரியாது என்று அவருடைய சிநேகிதன் ஒரு துண்டில் கீறிக் கொடுத்தான். கோயில், பேக்கரி, வளைவு, மூன்றாவது கேட், பக்கத்தில் வகுப்பு நேரம். பஸ்ஸை மறித்துச் சோதித்தபோது அந்தத் துண்டு அவருடைய சட்டைப் பையில் இருந்தது. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், பத்தொன்பது நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். அந்தப் பத்தொன்பது நாளும் என்ன நடந்தது என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர் வந்த அன்று பின்னேரம் என் அப்பா வீட்டிலிருந்த கையெழுத்துப் பேப்பர் முழுவதையும் எடுத்துவரச் சொன்னார். கடிதங்கள், விலாசப் புத்தகம், நான் பாட்டு எழுதி வைத்திருந்த கொப்பி, எல்லாம். எரித்தால் புகை வரும், புகை வந்தால் யாராவது கேட்பார்கள். அதனால் வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து கூழாக்க வேண்டும். அந்த வேலையை எனக்குத் தந்தார்கள், அப்போது எனக்கு இருபது வயது. அந்தக் காலத்து வெள்ளவத்தையில் அதைச் செய்த வீடு எங்களுடையது மட்டுமில்லை.

இத்தனை வருடம் கழித்து, சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு, என் கை அதே வேலையை மறக்காமல் செய்தது. யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்ப நான் விரும்பவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துப் பார்த்துத்தான் கிழித்தேன். பார்த்தபோதே அழகாக இருக்கிறது என்று தெரிந்தது. தெரிந்துகொண்டே கிழித்தேன். உனக்கு ஒரு போன் எடுத்து, "தம்பி, இது என்ன படம்?" என்று கேட்டிருக்கலாம். நாலு சொல். அதை நான் கேட்கவில்லை. பதினொரு மணிக்கு நீயே எடுத்தாய்.

"அம்மா, என்ர கறுப்புக் கொப்பி வீட்டில கிடக்கோ, பாருங்கோ."

"இல்லையே அப்பு. இஞ்ச ஒண்டுமில்லை."

"மேசையில பாத்தனீங்களோ?"

"பாத்தனான். இல்லை."

"அப்ப பஸ்ஸிலதான் விட்டிட்டன்" என்றாய். என் முழங்கை வரை ஈரமாக இருந்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு உனக்குப் பதில் சொன்னேன்.

அப்பாவிடம் அன்றே சொன்னேன். அவர் திட்டவில்லை. "விடும், பெடியன் ரெண்டு நாளில மறந்திடுவான்" என்றார். நீ மறக்கவில்லை. மூன்று நாள் கோட்டை பஸ் நிலையத்துக்குப் போய், அங்கே வந்து நின்ற பஸ் ஒவ்வொன்றிலும் ஏறிக் கண்டக்டர்மாரைக் கேட்டாய். பஸ் நிறுத்தத்தில் ஒரு அறிவித்தல் ஒட்டினாய், மூன்று மொழியிலும் எழுதி. நான் ஒபிசுக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு மாதம் நான் எதிர்ப்பக்கத்தால் நடந்தேன். மிஸ் இரண்டு கிழமை அவகாசம் தருகிறேன், திருப்பிச் செய் என்று சொன்னபோது நீ மாட்டேன் என்றுவிட்டாய்.

பாடத்தில் புள்ளி குறைந்ததை நான் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது வேறு. அதற்குப் பிறகு நீ வாசலைத் தாண்ட முதல் மூன்று தடவை சட்டைப் பையைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினாய். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி ஏறி வந்து இழுத்துப் பார்க்கிறாய். பாஸ்போட் கையில் கிடைத்த அன்றே, "என்னட்டை வேண்டாம், நான் துலைச்சுப் போடுவன்" என்று அப்பாவிடம் கொடுத்தாய். எதையும் சும்மா எறிந்துவிட்டுத் திரிந்த பிள்ளை நீ. உன்னை என்னைப் போல ஆக்கிவிட்டேன். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

போன மாதம், மெல்பேர்னுக்கு அனுப்பும் பாடத் தெரிவுப் படிவத்தை நீ நிரப்பிக்கொண்டிருந்தாய். சித்திரத்துக்கு நேரே ஒரு அடையாளம் போட்டு, பிறகு அதை வெட்டியிருந்தாய். போனில் உன் சிநேகிதனோடு கதைத்ததும் எனக்குக் கேட்டது. "அதெல்லாம் எனக்குச் சரிவராது மச்சான். ஒரு மாச வேலையை பஸ்ஸில விட்டிட்டு வந்தவன் நான்." அடுத்த நாள் மத்தியானம் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு உன் மிஸ்ஸைத் தேடிப் போனேன். உண்மையைச் சொல்லப் போகவில்லை. அவவைக்கொண்டு உனக்குப் புத்தி சொல்லவைக்கலாம், நான் அகப்படாமல் இருக்கலாம் என்ற நினைப்பில்தான் போனேன். மெலிந்த, நரைத்த மனுஷி, விரலெல்லாம் மை. சிங்களத்தில்தான் கதைத்தோம். "அவர் ஏன் விட்டார் என்று எனக்கு விளங்கவே இல்லை" என்று அவ சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வாளி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவ என்னைத் திட்டுவா என்று பார்த்தேன். "எங்கள் அண்ணாவின் புத்தகங்களை அம்மா கிணற்றில் போட்டா. நாங்கள் தெற்குப் பக்கம், சிங்களப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன வேறொரு காலம் அது" என்றா. அதற்கு மேல் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பிறகு கேட்டா, "நீங்கள் எல்லாப் பக்கமும் பார்த்தீர்களா?"

"ஓம். எல்லாம்."

"நான் முதல் கிழமைப் பக்கங்களை மட்டும்தான் கண்டேன். முழுவதையும் கண்டது அவரும் நீங்களும் மட்டும்தான். அவர் எதைக் கீறினார் என்று தெரியுமா?"

"எங்கள் தெருவை."

"தெருவை இல்லை. உங்களை."

அவ சொல்லச் சொல்ல எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது. முப்பது நாளும் ஒரே இடத்தில் நின்று ஒரே ஒன்றைப் பார்க்க வேண்டும், என்ன மாறுகிறது என்று குறிக்க வேண்டும், எப்படிக் குறிப்பது என்பது மாணவரின் விருப்பம். நீ மரக்கறிக் கடையடியில் நின்று மூன்றாம் மாடியைப் பார்த்திருக்கிறாய். சிவப்புப் புள்ளி நான். நேரம், நான் பல்கனிக்கு வந்த நேரம். அம்புக்குறி, நான் பார்த்த திசை. நீ பிந்துகிறாயே என்று நான் அங்கே நின்றேன், நான் நிற்பதைக் கீறுவதற்காக நீ பிந்தினாய். மிஸ்ஸுக்கு முன்னால் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் நிற்கவில்லை.

பார்த்ததை அவருக்கு எழுதிக் கொடுங்கள் என்று மிஸ் சொன்னா. ஞாபகத்தில் இருப்பதை எழுதுகிறேன். மழை பெய்த நாளைத் தேயிலைச் சாயத்தால் கீறியிருந்தாய், கட்டடங்களெல்லாம் வழிந்துபோய், புள்ளி மட்டும் காய்ந்திருந்தது. ஒரு பக்கத்தில் அம்புக்குறி வீட்டுக்குள்ளே பார்த்தது, அன்றைக்கு நான் அப்பாவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்திருப்பேன். ஒரு பக்கத்தில் பஸ் டிக்கட்டுகளைக் கிழித்து ஒட்டி எங்கள் கட்டடத்தைச் செய்திருந்தாய், கொஞ்சம் சரிந்து நின்றது. நீ நெடுநேரம் வராத நாட்களில் புள்ளி தடித்துக்கொண்டே போய், ஒரு நாள் பேப்பரே ஓட்டையாகியிருந்தது. கடைசிப் பக்கத்தில் புள்ளியே இல்லை. 5.40, 5.50, 6.00 என்று நேரம் மட்டும் இருந்தது, அதற்குப் பிறகு கோடு நடுவில் நின்றிருந்தது. அது நான் காய்ச்சலில் படுத்திருந்த திங்கட்கிழமை. நீ மூச்சிரைக்க ஓடி வந்தது அதனால்தான். கொப்பியை மேசையில் கொட்டிவிட்டு மறந்ததும் அதனால்தான். அதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது, தம்பி?

மாத முடிவு வரை படிவத்தை மாற்றலாமாம், மிஸ் விசாரித்துச் சொன்னா. நான் அழுகிறேன் என்பதற்காக மாற்றாதே. உனக்குக் கீற விருப்பமில்லை என்றால் விடு, அது உன் இஷ்டம். உன்னால் முடியாது என்ற பொய்யை நம்பிக்கொண்டு மட்டும் விடாதே, ஏனென்றால் அந்தப் பொய்யைச் சொன்னவள் நான். நீ அங்கே ஏதோ ஒரு தெருமுனையில் கொப்பியோடு நிற்பாய் என்று நினைத்தால் இப்போதே எனக்குப் பயமாக இருக்கிறது. மாணவர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்திரு என்று சொல்லக்கூடாது என்றுதான் இவ்வளவு நேரமும் அடக்கிக்கொண்டிருந்தேன், முடியவில்லை, சொல்லிவிட்டேன். இந்தப் பயம் என்னைவிட்டுப் போகாது. ஆனால் இனி உன் பொருட்களில் கை வைக்க மாட்டேன். விளங்காவிட்டால் உன்னைக் கேட்பேன்.

இந்தக் கடிதத்தை உன் பெட்டியில், குளிர் சட்டைக்குள் மடித்து வைக்கத்தான் முதலில் நினைத்திருந்தேன். நீ அங்கே போய்ப் பெட்டியைத் திறக்கும்போது உன் முகத்தை நான் பார்க்க வேண்டி வராது. பாதி எழுதின பிறகு என் கோழைத்தனம் எனக்கே வெட்கமாகிவிட்டது. ஆகவே இன்றைக்கு, நீ வந்து சப்பாத்தைக் கழற்றினவுடன், உன் கையில் தருவேன். நான் குசினியில், அடுப்படியில் நிற்பேன். வாசித்து முடித்ததும் அங்கே வா. கத்த வேண்டுமென்றால் கத்து, நான் மறுத்து ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். புதன்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் உன் கோபம் ஆறாவிட்டால், என்மேல் கோபத்தோடேயே போ. உன்மேல் கோபத்தோடு போகாதே.

அம்மா